கண்ணை மூடினாலும் கை எங்க எண்டு தெரியுதே, எப்பிடி? வீட்டிலயே செய்து பாக்க ஒரு வழிகாட்டி

கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால மூக்கு நுனியைத் தொடுங்கோ பாப்பம். தொட்டிட்டியள் என்ன? கண் பாக்கேல்ல, கை எந்த மூலையில கிடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரவும் இல்லை, ஆனா விரல் நேரா அங்க போய் நிண்டுது. ஐம்புலன் எண்டு சின்ன வகுப்பில படிச்சமே, அந்தக் கணக்கில இது ஒண்டுக்குள்ளயும் வராது. மூட்டும் தசையும் தாற நிலை உணர்வு, உட்காதில இருக்கிற சமநிலை உணர்வு, பசி தாகம் நெஞ்சடிப்பு மூத்திரம் முட்டுறது எண்டு உள்ளுக்க இருந்து வாறதுகள், இதெல்லாம் அஞ்சுக்கு வெளியிலதான் நிக்குது.

இந்த விசயத்தைப் புதுசாத் தொடங்கிற ஆக்கள், ஏ.எல். பயோ படிக்கிற பிள்ளையளோ யோகா கிளாஸுக்குப் போறவையோ சும்மா அறிய ஆசைப்படுறவையோ ஆரெண்டாலும், புத்தகத்தை விரிக்க முதல் உங்கட உடம்பிலயே செய்து பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். உடம்பில இருந்து மூளைக்குப் போற தகவல் எப்பவும் அரைகுறைதான், மிச்சத்தை மூளை தன்ர பாட்டில ஊகிச்சு நிரப்பிப்போட்டு முழுசா எங்களிட்டத் தருது, நாங்களும் அதை அப்பிடியே நம்பிறம். அந்த ஊகம் பிழைக்கிற இடத்தைக் கையும் களவுமாப் பிடிச்சால்தான் அது வேலை செய்யிற விதம் விளங்கும். கீழ இருக்கிறதெல்லாம் அப்பிடிப் பிடிக்கிறதுக்கான வழியள்தான்.

முதல்ல சாமானும் கட்டுப்பாடும்

தலைக்குக் குத்துற கொண்டை ஊசி ஒண்டு, அடிமட்டம், மூண்டு பேசின், ரப்பர் கிளவுஸ், சின்ன பெயின்ற் பிரஷ் ரெண்டு, காட்போட் மட்டை, ஒரு தலாணி, ரைமர் இருக்கிற போன், எழுத ஒரு கொப்பி. இவ்வளவும் அநேகமா வீட்டில கிடக்கும், இல்லாட்டி சந்திக் கடையில கிடைக்கும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், தம்பி தங்கச்சியைப் பிடிச்சு இருத்துங்கோ.

கட்டுப்பாடு ரெண்டுதான், ஆனா இதை விட்டா மிச்சமெல்லாம் விளையாட்டாப் போயிடும். ஒண்டு, சோதிக்கப்படுற ஆளின்ர கண் மூடியிருக்க வேணும், பதிலைச் சொன்ன உடன "சரி", "பிழை" எண்டு சொல்லக் கூடாது, முகத்தில சிரிப்பும் காட்டக் கூடாது. ரெண்டாவது, இடைக்கிடை ஏமாத்த வேணும். "ஒண்டு படுதோ ரெண்டு படுதோ" எண்டு கேக்கிற சோதனையில ஒவ்வொருக்காவும் ரெண்டு முனையால தொட்டா ஆள் ரெண்டாம் தரமே பிடிச்சிடுவார், பேந்து தோலைக் கேக்காம வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். பத்துத் தரம் தொட்டா அதில மூண்டு நாலு தரம் ஒரு முனையால தொடுங்கோ, ஒழுங்கில்லாம மாத்தி மாத்தி. ஆராய்ச்சிக்காரரும் இதைத்தான் செய்யினம், அவையின்ர மெசின்தான் விலை கூட.

தோல்: கொண்டை ஊசிச் சோதனை

ஊசியை விரிச்சு ரெண்டு முனைக்கும் இடையில 4 சென்ரிமீற்றர் வாற மாதிரி அடிமட்டத்தில வைச்சுப் பாருங்கோ. ரெண்டு முனையும் ஒரே நேரத்தில பட வேணும், தோல் லேசாப் பள்ளம் விழுற அளவுக்கு மட்டும் அமத்துங்கோ. முதல்ல முன்னங்கையில தொடங்குங்கோ, பத்தில எட்டுச் சரி எண்டா இடைவெளியைக் குறையுங்கோ, ஆள் குழம்பத் தொடங்கிற இடத்தை எழுதி வையுங்கோ. பேந்து உள்ளங்கை, விரல் நுனி, முதுகு, கெண்டைக்கால்.

விரல் நுனியில 2, 3 மில்லிமீற்றர் வரைக்கும் ரெண்டெண்டு பிரிச்சுச் சொல்லுவினம். முதுகிலயோ கெண்டைக்காலிலயோ 4 சென்ரிமீற்றர் கிட்ட வந்தாத்தான் பிரியும். முதுகு கடிக்குது சொறிஞ்சு விடு எண்டு சொல்லிப்போட்டு, "அதில்லை, கொஞ்சம் மேல, இல்லை இல்லை இஞ்சாலப் பக்கம், ஆ அதுக்குக் கீழ" எண்டு ஆளை அலைக்கழிக்கிறது இதாலதான், கடிக்கிற இடம் எதெண்டு கடிக்கிற ஆளுக்கே வடிவாத் தெரியாது.

இந்தச் சோதனையை ஜேர்மனியின்ர லைப்சிக் நகரத்தில ஏர்ன்ஸ்ற் வேபர் எண்டவர் 1834இல வெளியிட்ட புத்தகத்தில எழுதி வைச்சவர். விரலில உணர் நரம்பு முனையள் நெருக்கமா இருக்கிறது ஒரு காரணம், மூளையில விரலுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கின காணி பெரிசு, முதுகுக்கு ஒரு துண்டு நிலம்தான் எண்டது மற்றக் காரணம். அந்தக் காணிக்கு வரைபடம் போட்டவர் மொன்றியலில இருந்த வைல்டர் பென்ஃபீல்ட், சத்திரசிகிச்சை செய்யேக்க ஆள் முழிப்பா இருக்க மூளையின்ர மேற்பரப்பில சின்னக் கரண்ட் குடுத்து "எங்க படுது?" எண்டு கேட்டுக் கேட்டுக் குறிச்சவர், 1937இல வெளியிட்டது. மூளைக்கு நோ தெரியாது, அதாலதான் அப்பிடிச் செய்ய முடிஞ்சது.

இதோட சேத்து ஒரு சின்ன விளையாட்டு, கொண்டைக்கடலை ஒண்டை எடுத்து, சுட்டுவிரலுக்கு மேலால நடுவிரலைப் பின்னி, ரெண்டு நுனிக்கும் இடையில கடலையை வைச்சுக் கண்ணை மூடி உருட்டுங்கோ. கன பேருக்கு ரெண்டு கடலை படும். அரிஸ்ரோட்டில் காலத்துச் சங்கதி, விரல் பின்னியிருக்கு எண்டதை மூளை கணக்கில எடுக்காம விடுறதால வாற பிழை.

சூடும் குளிரும்

மூண்டு பேசினில இடப்பக்கம் கை பொறுக்கிற சுடுதண்ணி, வலப்பக்கம் ஐஸ் போட்ட தண்ணி, நடுவில கிணத்துத் தண்ணி. சுடுதண்ணியை முழங்கையால தொட்டுப் பாத்திட்டு வையுங்கோ, நீரிழிவு இருந்து கை கால் விறைப்பு உள்ள ஆக்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். இடக்கையைச் சூட்டிலயும் வலக்கையைக் குளிரிலயும் ஒரு நிமிஷம் வைச்சிட்டு ரெண்டையும் ஒண்டா நடுப் பேசினுக்க விடுங்கோ. ஒரே தண்ணி, ஒரு கைக்குக் குளிருது மற்றதுக்குச் சுடுது. தோல் வெப்பநிலையை அளக்கிறதை விட வெப்பநிலையில வாற மாற்றத்தைத்தான் கூடச் சொல்லுது. மார்கழி விடியக்காலமை கிணத்தடியில முதல் வாளி வெதுவெதுப்பா இருக்கிறதும் இந்தக் கணக்குத்தான், நிலத்துக்குக் கீழ தண்ணி வருசம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில கிடக்குது, மாறினது வெளிக்காத்தும் உங்கட தோலும்.

மிளகாய்த்தூள் கூடின கறி வாயில எரியிறதும் இதோட சேந்த கதை. 43 பாகை செல்சியஸுக்கு மேல சூடு பட்டாத் திறக்கிற ஒரு புரதம் நரம்பு முனையில இருக்கு, மிளகாயில இருக்கிற கப்சைசினும் போய் அதே புரதத்தைத்தான் திறக்குது, மூளைக்கு ரெண்டும் ஒண்டுதான். டேவிட் ஜூலியஸ் 1997இல அதைக் கண்டுபிடிச்சவர், தொடுகையையும் அழுத்தத்தையும் உணருற புரதங்களைக் கண்டுபிடிச்ச ஆர்டம் பட்டபூட்டியனோட சேந்து 2021இல நோபல் பரிசு. பாம் பூசினா குளிருறது மெந்தோல் குளிருக்குரிய புரதத்தைத் திறக்கிறதால, தோல் உண்மையில அந்தளவு குளிரேல்ல. எரிவுக்குத் தண்ணி குடிச்சுப் பிரயோசனம் இல்லை, கப்சைசின் தண்ணியில கரையாது, தயிர் இல்லாட்டிப் பால் குடியுங்கோ.

கை கால் எங்க?

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கண்ணை மூடி இருக்கிற ஆளின்ர இடது முழங்கையை நீங்கள் மடிச்சு ஒரு கோணத்தில வையுங்கோ, அவர் வலது முழங்கையை அதே கோணத்துக்குக் கொண்டு வரட்டும். பக்கத்தில நிண்டு ஒரு போட்டோ எடுத்தா எவ்வளவு வித்தியாசம் எண்டு தெரியும். கொஞ்சப் பாகைதான் பிழைக்கும், கண்ணில்லாம அவ்வளவு துல்லியம். தசைக்குள்ள நீளத்தை அளக்கிற சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கு, தசை இழுபட்டா அது மூளைக்குச் சொல்லும். இந்த உணர்வுக்குத் தனிப் பேர் வைச்சு 1906இல எழுதினவர் இங்கிலாந்தின்ர சார்ள்ஸ் ஷெரிங்டன்.

இது இல்லாட்டி என்ன நடக்கும்? இயன் வாட்டர்மன் எண்டு ஒரு இங்கிலாந்துக்காரர், இறைச்சிக்கடையில வேலை, 1971இல 19 வயசில ஒரு வருத்தத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழ தொடுகையும் நிலை உணர்வும் போயிட்டுது. நோவும் சூடும் தெரியும், தசையும் நல்லா வேலை செய்யும், பாரிசவாதம் இல்லை. ஆனா கை கால் எங்க எண்டு தெரியாததால எழும்பி இருக்கக் கூட ஏலாம கிடந்தவர். பேந்து ஒவ்வொரு அசைவையும் கண்ணால பாத்துப் பாத்து, யோசிச்சு யோசிச்சு, மாசக்கணக்காப் பழகித்தான் நடந்தவர், அதுவும் கரண்ட் நிண்டு இருட்டினா அந்த இடத்திலயே விழுந்திடுவார். நீங்கள் ஒழுங்கைக்குள்ள சைக்கிளும் ஓடிக்கொண்டு பக்கத்தில வாறவரோட கதையும் கதைக்கிறது எவ்வளவு பெரிய வேலையை உடம்பு சத்தமில்லாமச் செய்யிறதால எண்டு இதில விளங்கும்.

சின்னாக்கள் வீட்டில இருந்தா இதையும் செய்து காட்டுங்கோ. வாசல் நிலைக்கு நடுவில நிண்டு, ரெண்டு புறங்கையாலயும் நிலையை வெளிப்பக்கமா நல்லாத் தள்ளுங்கோ, 40 செக்கன் மட்டில, கை உளையிற வரைக்கும். பேந்து ஒரு அடி முன்னுக்கு வந்து கையைத் தொங்க விட்டிட்டுச் சும்மா நில்லுங்கோ. கை தன்ர பாட்டில மேல எழும்பும், ஆரோ தூக்கிற மாதிரி. ஒஸ்கார் கோன்ஸ்டாம் எண்ட ஜேர்மன் டொக்டர் 1915இல எழுதினது. தசை இயங்குது, ஆனா "நான் தூக்கிறன்" எண்ட கட்டளை உங்களுக்குத் தெரிய வரேல்ல, அதாலதான் கை வேற ஆரின்ரயோ மாதிரிக் கிடக்குது.

சமநிலை

சுவர் மூலைக்குப் பக்கத்தில நில்லுங்கோ, விழுந்தாப் பிடிக்க வசதி. வயசு போன ஆக்கள் தனிய செய்ய வேண்டாம். ஒற்றைக்காலில கண் திறந்து எத்தினை செக்கன், பேந்து கண் மூடி எத்தினை செக்கன், பேந்து தலாணிக்கு மேல ஏறி நிண்டு அதே ரெண்டும். கண், உட்காது, பாதமும் கணுக்காலும் எண்டு மூண்டு பக்கத்தால தகவல் வருது, கண்ணை மூடினா ஒண்டு போச்சு, தலாணியில ஏறினா இன்னொண்டு குழம்பிப் போச்சு, மிஞ்சிறது உட்காது மட்டும்தான். ஒவ்வொண்டாக் கழட்டேக்க நேரம் விழுறதை கொப்பியில பாக்கலாம்.

மூண்டும் ஒண்டோடொண்டு ஒத்துப் போகாட்டித்தான் சத்தி வருது. குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குப் போற படகில கீழ உள்ளுக்க இருந்த ஆக்களைக் கேளுங்கோ, உட்காது ஆடுது எண்டுது, கண் முன்னுக்கு இருக்கிற பலகையைப் பாத்து ஆடேல்ல எண்டுது. மேல வந்து தூரத்துக் கடல் விளிம்பைப் பாத்துக்கொண்டு நிண்டாக் கன பேருக்குச் சரியாகும்.

ரப்பர் கை

இதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். கிளவுஸுக்குள்ள பஞ்சு இல்லாட்டி அரிசி அடைஞ்சு கை மாதிரி ஆக்குங்கோ. ஆள் மேசைக்கு முன்னால இருந்து வலக்கையை மட்டைக்கு அங்கால மறைச்சு வைக்க வேணும், அவரின்ர கண்ணுக்கு முன்னால, உண்மைக் கைக்கு ஒரு சாண் தள்ளி, விரல் முன்னுக்குப் பாக்கிற மாதிரி கிளவுஸ் கை. தோளுக்கும் கிளவுஸுக்கும் இடையில ஒரு துவாயைப் போட்டு மூடுங்கோ, கை தோளில இருந்து வாற மாதிரித் தெரியும். இப்ப ரெண்டு பிரஷ்ஷாலயும் உண்மை விரலையும் கிளவுஸ் விரலையும் ஒரே நேரத்தில, ஒரே விரலில, ஒரே பக்கமாத் தடவுங்கோ. ஆள் கிளவுஸையே பாத்துக்கொண்டு இருக்கட்டும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள கன பேர் "ஐயோ இது என்ர கை மாதிரிக் கிடக்கு" எண்டுவினம். அப்ப கண்ணை மூடச் சொல்லி, மேசைக்குக் கீழால மற்றக் கையால "உங்கட வலக்கை எங்க, காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ, கிளவுஸ் பக்கமா விலகிக் காட்டுவினம். அந்த விலகலை அடிமட்டத்தால அளக்கலாம்.

பேந்து திருப்பவும் செய்யுங்கோ, ஆனா இந்த முறை ரெண்டு பிரஷ்ஷும் முன்னப்பின்ன நேரம் மாறித் தடவ வேணும். அநேகமா அந்த உணர்வு வராது, வந்தாலும் லேசா. இந்த ரெண்டாவது தடவை இல்லாம முதலாவதுக்கு அர்த்தமே இல்லை. மத்தியூ பொட்வினிக்கும் ஜொனதன் கோகனும் 1998இல நேச்சர் சஞ்சிகையில எழுதினது இது. எல்லாருக்கும் வேலை செய்யாது, ஆளின்ர எதிர்பார்ப்பும் இதில பங்கு எடுக்குது எண்டு இப்ப வாதம் நடக்குது, அதால முதலே "உனக்கு அப்பிடித் தோணும் பார்" எண்டு சொல்லிப்போடாதேங்கோ.

எங்கட ஊரில இந்தச் சங்கதி விளையாட்டோட முடியிறேல்ல. மிதிவெடியிலயும் செல்லடியிலயும் கால் போன ஆக்கள் எங்கட எல்லாற்ற உறவுக்குள்ளயும் இருக்கினம். இல்லாத கால் கடிக்குது, இல்லாத பெருவிரல் மடங்கி இறுகி நோகுது எண்டு அவை சொன்னா அது பிரமையும் இல்லை, மனவருத்தமும் இல்லை. கால் போனாலும் மூளையில காலுக்குரிய காணி அப்பிடியே கிடக்குது. அமெரிக்க உள்நாட்டுப் போரில கை கால் இழந்த படைவீரரைப் பாத்து வெய்ர் மிச்சல் எண்ட டொக்டர் 1871இலயே இதை எழுதினவர். தமிழ்நாட்டில பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில ஒரு கண்ணாடிப் பெட்டியை வைச்சு, இருக்கிற கையின்ர விம்பத்தை இல்லாத கையின்ர இடத்தில தெரியப் பண்ணிப் பாத்தவர், சிலருக்கு இறுக்கம் விட்டது. எல்லாருக்கும் பலன் இல்லை, பிசியோதெரபி ஆக்களோட கதைச்சுச் செய்யிறதுதான் நல்லது. வீட்டில உள்ளவை செய்ய வேண்டியது ஒண்டுதான், அவர் நோகுது எண்டா நோகுது எண்டே எடுங்கோ.

உள்ளுக்க: நெஞ்சடிப்பை எண்ணுறது

சாப்பிட்ட உடனயோ தேத்தண்ணி குடிச்ச உடனயோ வேண்டாம். அஞ்சு நிமிஷம் அமைதியா இருந்திட்டுத் தொடங்குங்கோ. நாடியைப் பிடிக்காம, நெஞ்சில கை வைக்காம, உள்ளுக்க படுற அடிப்பை மட்டும் மனசுக்க எண்ண வேணும். அதே நேரம் மற்ற ஆள் மணிக்கட்டில நாடி பிடிச்சு உண்மைக் கணக்கை எடுக்கட்டும். 25 செக்கன், 35 செக்கன், 45 செக்கன் எண்டு மூண்டு தரம், எவ்வளவு நேரம் எண்டு முதலே சொல்லக் கூடாது. ஜேர்மனியில ரைனர் ஷான்ட்ரி 1981இல கொண்டு வந்த முறை இது. உண்மையா 40, நீங்கள் எண்ணினது 30 எண்டா வித்தியாசம் 10, அதை 40ஆல பிரிச்சா 0.25, ஒண்டில கழிச்சா 0.75. அதுதான் உங்கட புள்ளி.

ஆனா இந்தப் புள்ளியை உடன நம்பாதேங்கோ. நிமிஷத்துக்கு 70 மட்டில அடிக்கும் எண்டு தெரிஞ்ச ஆள் ஒண்டும் படாமலே நேரத்தைக் கணக்குப் பாத்துச் சொல்லிப்போடலாம், இந்த முறைக்கு ஆராய்ச்சிக்காரர் சொல்லுற பெரிய குறையும் அதுதான். அதால "படாட்டி எண்ணாதேங்கோ, பூச்சியம் எண்டாலும் பரவாயில்லை" எண்டு முதலே சொல்லுங்கோ. இன்னொரு தரம் நெஞ்சடிப்பை விட்டிட்டு செக்கனை மட்டும் எண்ணச் சொல்லியும் பாருங்கோ, ரெண்டிலயும் ஒரே மாதிரி வந்தா ஆள் நேரத்தைத்தான் எண்ணியிருக்கிறார். புள்ளி குறைவு எண்டா வருத்தம் எண்டு இல்லை. கூட எண்டா கெட்டித்தனமும் இல்லை, பதகளிப்புக் கூடின ஆக்களுக்குச் சின்ன அடிப்பும் பெரிசாப் பட்டு அதாலயே இன்னும் பயம் கூடுறதும் உண்டு.

உள்ளுக்க இருந்து வாற இந்தத் தகவலெல்லாம் மூளையில இன்சுலா எண்ட மடிப்புக்குப் போய்ச் சேருது. அங்கயும் ஊகம்தான். வெயிலுக்க நிண்டிட்டு வந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சா உடன தாகம் அடங்குதே, அந்தத் தண்ணி ரத்தத்தில வடிவாக் கலக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல எடுக்கும். வாயும் தொண்டையும் வயிறும் சொன்னதைக் கேட்டு, இனி வந்து சேரும் எண்ட கணக்கில மூளை முதலே தாகத்தை நிப்பாட்டுது.

நோவைப் பாக்கிறது

நோவை வேணுமெண்டு உண்டாக்கிச் சோதிக்க வேண்டாம், தானா வரேக்க கவனிச்சாப் போதும். கால் பெருவிரல் கல்லில அடிபட்டா முதல்ல சுள்ளெண்டு ஒண்டு வரும், கொஞ்சம் பொறுத்து விண்விண்ணெண்டு மற்றது வரும். முதலாவது வேகமான நரம்பில செக்கனுக்குப் பல மீற்றர் ஓடி வருது, ரெண்டாவது செக்கனுக்கு ஒரு மீற்றர் மட்டில ஊருற நரம்பில வருது. அடிபட்ட இடத்தை அம்மா தேய்ச்சு விட்டா நோ குறையிறது சும்மா ஆறுதல் மட்டும் இல்லை, தொடுகை நரம்பின்ர தகவல் முள்ளந்தண்டிலயே நோவின்ர தகவலை மறிக்குது எண்டு மெல்சாக்கும் வோலும் 1965இல சொன்னவை. மூளையில இருந்து கீழ வாற மறிப்பும் இருக்கு, கோயில் திருவிழாவில செடில் குத்திக் காவடி எடுக்கிறவைக்கு அந்த நேரம் நோ குறைவாப் படுறதில அதுக்கும் பங்கு இருக்கு.

கொப்பியில "நோ" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. குத்தா, எரிவா, உளைவா, பிடிப்பா, விறைப்பா, எந்த இடத்தில தொடங்கி எங்க ஓடுது, என்ன செய்யேக்க கூடுது, இரவில முழிப்பாட்டுதோ, இதுகளை எழுதினா கிளினிக்கில டொக்டர் ரெண்டு நிமிஷத்தில கேக்கிற எல்லாத்துக்கும் பதில் கையில இருக்கும்.

ரெண்டு விசயத்தில மட்டும் கொப்பியும் சோதனையும் வேண்டாம். நெஞ்சுக்க அமத்துற மாதிரி நோ வந்து இடக்கைக்கோ தாடைக்கோ ஓடி வேர்த்துக் கொட்டினா உடன 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கோ, இருதயத்தின்ர நரம்பும் கையின்ர நரம்பும் முள்ளந்தண்டில ஒரே மட்டத்தில போய்ச் சேருறதால மூளை இடத்தை மாத்திச் சொல்லுது, கை நோ எண்டு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ. நீரிழிவுக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாம வெறும் இளைப்பும் களைப்புமா வரவும் கூடும்.

மற்றது பாதம். சீனி வருத்தம் கன காலமா இருக்கிற ஆக்களுக்கு நரம்பு பழுதாகிப் பாதத்தில ஒண்டும் படாமப் போகலாம், முள் ஏறினாலும் தெரியாது, நல்லூர்த் திருவிழா நேரம் மத்தியான வெயிலில வெறுங்காலோட கோயில் சுத்தி உள்ளங்கால் கொப்பளிச்சாலும் தெரியாது. பின்னேரம் கால் கழுவித் துடைச்சிட்டு, கண்ணாடி ஒண்டை நிலத்தில வைச்சு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கோ, குனிய ஏலாட்டிப் பேரப்பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ. நைலோன் நூல் மாதிரி ஒண்டை உள்ளங்காலில 10 கிராம் பாரத்தில அமத்திப் பாக்கிற சோதனை இருக்கு, கிளினிக்குக்குப் போகேக்க அதைச் செய்து பாக்கச் சொல்லிக் கேளுங்கோ.